செஞ்சி மலைக்கோட்டை: வரலாறும் வழக்கும்

காட்டாங்குளத்தூரிலிருந்து தென்பால் செல்லும் பெருஞ்சாலை செங்கற்பட்டு, மதுராந்தகம் ஆகிய ஊர்களைக் கடந்து திண்டிவனத்தை அடைகின்றது. ஆங்கு மேற்கே திரும்பித் திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் வழியில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால், பாறைகளை யாரோ அள்ளிக் குவித்தாற்போலத் தோன்றும் மூன்று குன்றுகள் கண்ணிற்படும். அவற்றின் நடுவே அமைந்தது செஞ்சிக் கோட்டை. அதன் கிழக்கே இருப்பது இற்றைச் செஞ்சியூர். கோட்டை என்னும் சொல்லைக் கேட்டவுடன் எம் பகுதியினர் நினைப்பது செங்கற்பட்டுக் கோட்டையையே. விசயநகர வேந்தர் காலத்ததான அதனை ஊடறுத்து இருப்புப்பாதை செல்கின்றது. நாள்தோறும் அவ்வழி வண்டியிற் செல்வோருள் தாம் கோட்டைக்குள் நுழைந்து வெளியேறுவதை உணர்பவர் சிலரே. செஞ்சியை அவ்வாறு அறியாமற் கடந்து செல்லல் இயலாது. அது நின்று பார்க்க வைக்கும் இடம்.

எம் துறை மாணவரோடு அங்குச் சென்றிருந்தபோது, இராசகிரியின் அடிவாரத்தில் ஒருவர், ‘ஐயா, இதனைக் கட்டியவர் மராட்டியரா, தேசிங்கு ராசனா?’ என வினவினார். இருவரும் அல்லர் என்று விடையிறுத்தோம். எனினும் அவ்வினா எழுந்தமைக்குக் காரணம் உண்டு. 2025 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெசுகோ நிறுவனம் ‘இந்தியாவின் மராட்டியப் படையரண் நிலப்பரப்புகள்’ என்னும் பெயரால் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் செல்வங்களாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. அச்சிறப்புக் குறித்து மகிழாதார் இலர். ஆயின், இனி இங்கு வரும் பயணி முதற்கண் அறியும் பெயர் மராட்டியர் பெயராகவே இருக்கும். மறுபுறம், தமிழ்நாட்டு மக்கள் நெஞ்சிலோ செஞ்சி என்றவுடன் தோன்றுவது தேசிங்கின் குதிரை. இவ்விரு நினைவுகளுக்கும் இடையே பல நூற்றாண்டு வரலாறு மறைந்துபோகும் நிலையில் உள்ளது. அதனை இயன்றவரை ஒழுங்குபடுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பேராசிரியர் சி. எசு. சீனிவாசாசாரியார் 1943 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வாயிலாக வெளியிட்ட செஞ்சி வரலாறு இத்துறைக்கு அடிமணையாக விளங்குவது. அவர் ஆங்கிலத்தில் எழுதியவற்றை யாம் தமிழிற் சொல்லவந்தோமல்லேம்; அவர் முடிவுகளுட் சிலவற்றைத் தமிழிலக்கியச் சான்று கொண்டு மீளவும் எடைபோட விழைகின்றோம்.

முதலில் நிலத்தைக் காண்போம். மேற்கே இராசகிரி, வடக்கே கிருட்டினகிரி, தெற்கே சந்திரகிரி எனக் குன்றுகள் மூன்றும் முக்கோணமாக நிற்கின்றன. இராசகிரி அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. ஒவ்வொரு குன்றும் தனித்தனியே அரண் செய்யப்பெற்றது. அதனோடு மூன்றையும் பிணைத்து ஒரு மதில் ஓடுகின்றது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மதிலின் அகலம் சில இடங்களில் அறுபது அடி. அதன் புறத்தே எண்பது அடி அகலமுள்ள அகழி. பழந்தமிழர் நால்வகை அரண் கூறுவர்: மலை, காடு, நீர், மதில். செஞ்சியில் இந்நான்கும் ஒருங்கே இருந்தன. இவற்றுள் காட்டரண் இன்று பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஏனையவற்றை இன்றும் காணலாம்.

இனி ஊர்ப்பெயர். செஞ்சி என்பது சிங்கபுரி என்பதன் திரிபு எனப் பலர் எழுதியுள்ளனர். இப்பகுதி சோழர் கல்வெட்டுக்களில் சிங்கபுர நாடு எனப்படுவது உண்மை. செஞ்சிக்கு அண்மையிலுள்ள மேலச்சேரிக் குடைவரைக் கல்வெட்டும் சிங்கபுரத்தைக் குறிக்கின்றது; சந்திராதித்தன் என்பான் சிகரி பல்லவேச்சுரம் என்னும் அக்கோயிலை எடுத்தான் என்பது அதனாற் பெறப்படும். ஆயின் சிங்கபுரி என்பது செஞ்சி எனத் திரிந்தது என்பதை ஒலியியல் நோக்கில் ஏற்றல் எளிதன்று. ‘ங்க’ என்பது ‘ஞ்ச’ ஆனதற்கும், ‘புரி’ என்பது சுவடின்றி மறைந்ததற்கும் தக்க காரணம் காட்டல் வேண்டும். சிங்கபுரம் என்னும் பெயர் மறையவும் இல்லை. கோட்டைக்கு வடக்கே இன்றும் இருக்கும் சிங்கவரம் என்னும் சிற்றூரே அது. புரம் என்பது வரம் எனத் திரிதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டா. எம் ஊர்க்கு வடக்கே உள்ள பல்லாவரம் பல்லவபுரமாக இருந்தது என்பதை அனைவரும் அறிவர். ஆகவே சிங்கபுரம் சிங்கவரமாயிற்று. செஞ்சி என்பது வேறொரு பெயர் என்று கொள்வதே பொருத்தம் எனக் கருதுகின்றோம்.

இக்கருத்துக்கு அரண் செய்வது ஒட்டக்கூத்தரின் விக்கிரம சோழன் உலா. விக்கிரம சோழன் கி. பி. 1118 முதல் 1135 வரை ஆண்டவன். அவன் உலாப் போந்தபோது சூழ்ந்து சென்ற சிற்றரசரையும் தலைவரையும் வரிசைப்படுத்தும் புலவர், செஞ்சிக்கு உரிய காடவனையும் அவருள் ஒருவனாகக் குறிக்கின்றார். காடவர் என்போர் பல்லவர் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர். பின்னாளில் சேந்தமங்கலத்திலிருந்து சோழப் பேரரசையே அசைத்த கோப்பெருஞ்சிங்கனும் அக்குடியினனே. எனவே பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செஞ்சி என்னும் பெயர் வழங்கிற்று என்பதும், அஃது ஒரு தலைவனுக்கு இருக்கையாக இருந்தது என்பதும் தெளிவு. கல்வெட்டில் சிங்கபுரமும் செய்யுளில் செஞ்சியும் ஒருசேர வழங்கின என்றால், ஒன்று மற்றொன்றன் சிதைவு எனல் எங்ஙனம்?

இவ்வுலாச் செய்தி மற்றொரு முடிவையும் அசைக்கின்றது. கர்னல் மெக்கன்சி தொகுத்த சுவடிகளுள் ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ என்பது ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணப் பிள்ளை என்பவர் எழுதியது. செஞ்சியின் தொடக்கத்தை ஆனந்தக் கோன் என்னும் இடையர்குலத் தலைவனோடு அஃது இயைக்கின்றது. ஏறத்தாழ 1190 ஆம் ஆண்டை ஒட்டி, மேற்குக் குன்றில் ஆடு மேய்க்கையில் அவனுக்குப் புதையல் கிடைத்தது. அதனைக் கொண்டு ஆள் திரட்டிச் சிறு கோட்டை ஒன்றை எழுப்பினான். கமலகிரி எனப்பட்ட குன்றுக்கு ஆனந்தகிரி எனத் தன் பெயரை இட்டான். அவன் மகன் கிருட்டினக் கோன் வடகுன்றை அரண் செய்து தன் பெயரை அதற்கு வழங்கினான் என்பது அந்நூற் செய்தி. இன்று வழிகாட்டி நூல்கள் யாவும் இதனையே செஞ்சியின் பிறப்பாகக் கூறுகின்றன. உலாவோ ஆனந்தக் கோனுக்கு ஐம்பது அறுபது ஆண்டு முன்னரே செஞ்சிக்குத் தலைவன் இருந்தமையைக் காட்டுகின்றது.

இதனால் ஆனந்தக் கோன் கதையைப் பொய்யெனத் தள்ளிவிடல் வேண்டும் என்று யாம் கூறவில்லை. செஞ்சியில் தலைவன் ஒருவன் இருந்தான் என்பதும், குன்றின்மேல் மதில் எழுந்தது என்பதும் வெவ்வேறு செய்திகள். சோழர் வலிமை தளர்ந்த காலத்தே உள்ளூர்க் குடித்தலைவர் குன்றேறி அரண் அமைத்தல் இயல்பே. கிருட்டினகிரி என்னும் பெயர் இன்றும் வழங்குவதும், இராசகிரி ஏறும் வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் கொண்டிருப்பதும் அம்மரபு வெறும் புனைவன்று என்று எண்ணத் தூண்டுகின்றன. புதையல் மட்டும் எல்லாக் கோட்டைக் கதைகளிலும் வரும் புதையலே. மேய்ப்பர் ஒருவர் அரசரானதை உயர்குடியினர் ஒப்புக்கொள்ள, அங்ஙனம் ஒரு பொருட்பேறு கதைக்கு வேண்டியிருந்தது போலும்!

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிருட்டிணதேவராயர் காலத்தே, செஞ்சி நாயக்கர் ஆட்சித் தலைநகராயிற்று. மதுரை, தஞ்சை நாயக்கரைப் பற்றி எழுதப்பட்ட அளவிற்குச் செஞ்சி நாயக்கரைப் பற்றி எழுதப்படவில்லை. அவர்தம் காலநிரலும் குழப்பமுடையதே. ஆனால் இன்று நாம் கோட்டையுள் காணும் பெருங்கட்டடங்களுள் பெரும்பாலன அவர் காலத்தன என்பதில் ஐயமில்லை. நெற்களஞ்சியங்கள், கலியாண மகால், வேங்கடரமணர் கோயில், மதிலின் பெரும்பகுதி ஆகியவை அவர் ஆட்சிப் பெருமைக்குச் சான்றுகள். 1597 இல் ஏசு சபைத் துறவியாகிய பிமெந்தா என்னும் போர்த்துக்கேசியர் இங்கு வந்து கிருட்டிணப்ப நாயக்கரைக் கண்டார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரிது என்றும், லிசுபனைத் தவிரப் போர்த்துக்கல் நாட்டு நகர் எதுவும் இதற்கு ஒப்பாகாது என்றும் அவர் எழுதியனுப்பினார். சிதம்பரத்தில் கோவிந்தராசர் சந்நிதித் திருப்பணியை அந்நாயக்கர் மேற்கொண்டபோது அதனை எதிர்த்து அர்ச்சகர் சிலர் கோபுரத்தினின்றும் வீழ்ந்து உயிர் துறந்ததையும் அவர் கடிதங்களே அறிவிக்கின்றன. இற்றைச் செஞ்சியின் கடைத்தெருவில் நின்று பிமெந்தாவை நினைப்பார்க்கு வியப்பே எஞ்சும். அந்நகரம் முழுவதும் மதிலுக்கு உள்ளேயும் கிழக்கேயும் பரவியிருந்து, பின் வந்த போர்களில் அழிந்தது.

கி. பி. 1649 இல் பிசப்பூர்ச் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. நாயக்கர் ஆட்சி அதனோடு முடிவுற்றது. 1677 இல் தென்னகப் படையெடுப்பை மேற்கொண்ட சிவாசி, பெரும்போரின்றியே கோட்டையைத் தம்வயப்படுத்தினார். அவர் பழைய மதில்களை இடித்தும் புதியன எழுப்பியும் அகழி தோண்டியும் அரணை வலுப்படுத்திய திறத்தை அக்காலத்து ஏசு சபையார் கடிதங்கள் வியந்து கூறுகின்றன. தென்னாட்டில் மராட்டியர்க்கு ஒரு புகலிடம் வேண்டும் என அவர் எண்ணினார் போலும். அவ்வெண்ணம் பன்னிரண்டு ஆண்டுகட்குள் பயன் தந்தது.

1689 இல் ஔரங்கசீபு சிவாசியின் மூத்த மகனாகிய சம்பாசியைப் பிடித்துக் கொன்றான். தலைநகர் இராய்கட் வீழ்ந்தது. இளைய மகனாகிய இராசாராம் மாறுவேடம் பூண்டு, பன்காலா என்னும் கோட்டையிலிருந்து தப்பி, கன்னட நாட்டைக் கடந்து, ஏறக்குறைய ஆண்டிறுதியிற் செஞ்சியை வந்தடைந்தார். அன்றுதொட்டு மராட்டிய அரசின் தலைநகர் செஞ்சி! அரியணை, அமைச்சர் குழு, ஆணையோலை யாவும் இக்குன்றுகளினின்றே புறப்பட்டன. எம் பகுதி மக்கட்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இதனுள் அடங்கும். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை 1690 இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி விலைக்குப் பெற்றது இச்செஞ்சி அரசிடமே. கோட்டையைச் சூழ்ந்த நிலத்தின் எல்லையை வரையறுக்கப் பீரங்கியைப் பல திசையிலும் சுட்டு, குண்டு விழுந்த ஊர்களையெல்லாம் உள்ளடக்கிக் கொண்டனர். அவ்வூர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப் பெயர் பெற்றன. புனித டேவிட் கோட்டையின் தோற்றம் அது.

அதே 1690 இல் முகலாயத் தளபதி சுல்பிகர்கான் செஞ்சியை முற்றுகையிட்டான். முற்றுகை என்னும் சொல் ஈண்டு முழுப்பொருளில் வழங்கத்தக்கதன்று. பதின்மூன்று கிலோமீட்டர் மதிலை வளைத்துக்கொள்ள அவனிடம் போதிய படை இல்லை. ஒரு வாயிலை அடைத்தால் மறுவாயில் வழியே நெல்லும் ஆளும் உட்சென்றன. பேரரசனின் மகன் காம்பட்சும் தலைமையமைச்சன் அசத்கானும் துணைக்கு வந்தனர்; வந்தபின் நிலைமை மேலும் சிக்கலாயிற்று. 1692 இறுதியில் சந்தாசி கோர்படே, தனாசி சாதவ் என்னும் மராட்டியத் தலைவர் இருவர் பெரும்படையுடன் தமிழகத்துட் புகுந்து, காஞ்சிபுரத்து முகலாயப் படைத்தலைவனைச் சிறைப்பிடித்தனர். பாசறையில் உணவு அற்றது. ஔரங்கசீபு இறந்துபட்டான் என்றொரு பொய்ச்செய்தியும் பரவிற்று. அரசமகன் காம்பட்சு இராசாராமோடு மறைவாக ஓலை பரிமாறியது வெளிப்படவே, தளபதியும் அமைச்சனும் தம் தலைவனின் மகனையே காவலில் வைக்க நேர்ந்தது. முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குட்பட்டவர் போலாகி வந்தவாசிக்குப் பின்வாங்கினர்.

இவ்வாறு அணுகுதலும் அகலுதலுமாக ஏழாண்டுக்கு மேல் கழிந்தன. இறுதியில் 1698 இன் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. ஆயின் அதற்கு முன்னரே இராசாராம் வேலூர் வழியாகத் தப்பித் தம் நாடு சேர்ந்துவிட்டார். சுல்பிகர்கானின் பாசறையில் இருந்து இவற்றை நேரிற் கண்ட பீம்சேன் என்னும் வரலாற்றாசிரியர், தளபதி விரும்பியிருந்தால் வந்த முதல் நாளிலேயே கோட்டையைப் பிடித்திருக்கலாம் என்றும், போரை நீட்டித்தல் தளபதியர் வழக்கம் என்றும் மனம் கசந்து எழுதியுள்ளார். அக்கூற்றில் மிகை உண்டு. ஆனால் உண்மையும் உண்டு. இராசகிரியின் செங்குத்தான முகத்தை அண்ணாந்து பார்ப்பார் எவரும் ‘முதல் நாளிலேயே’ என்பதை நம்பார். அதே வேளையில், பேரரசனுக்குப் பின் தென்னாட்டில் தனக்கென ஓர் இடம் வேண்டும் என்று சுல்பிகர்கான் கருதினான் என்னும் ஐயம் அக்காலத்தவர் பலர்க்கும் இருந்தது. வெற்றிக்குப் பின் கோட்டை நுசுரத்கட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அப்பெயர் நிலைக்கவில்லை, செஞ்சி நிலைத்தது.

உலக மரபுப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றது இவ்வெட்டாண்டுக் காலத்தை முன்னிட்டே. அது தகுதியுடையதே, மராட்டிய அரசு அழியாமல் நின்றது இக்கோட்டையினால் என்பது மிகையாகாது. ஆனால் 1677 முதல் 1698 வரை கணக்கிட்டால் மராட்டியர் ஆட்சி இங்கு இருபத்தோராண்டு. நாயக்கர் ஆண்டதோ ஒரு நூற்றாண்டுக்கு மேல். பெயர்ப்பலகைகளில் இவ்வளவேனும் எழுதப்பட்டால், எம் மாணவர் கேட்ட வினாவின் ஒரு பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

மறுபாதி தேசிங்கைப் பற்றியது. முகலாயர் செஞ்சியைப் பிடித்தபின் புந்தேல இராசபுத்திரனாகிய சரூப்சிங் கோட்டைத் தலைவனாக அமர்த்தப்பட்டான். அவன் இறந்தபின் 1714 இல் அவன் மகன் தேசுசிங் பொறுப்பேற்றான். அவனே தமிழ்மக்கள் வாயில் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் திறைநிலுவையைக் கேட்டான்; பேரரசன் ஆணையின்றித் தந்தையின் பொறுப்பை மகன் எய்தல் ஆகாது என்றும் கூறினான். இளைஞன் பணியவில்லை. 1714 அக்டோபர் 3 ஆம் நாள் நிகழ்ந்த போரில் தன்னினும் பன்மடங்கு பெரிய படையின்மீது சிறு குதிரைப்படையுடன் பாய்ந்து களத்தில் வீழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பர். அவன் செஞ்சியை ஆண்டது ஏறத்தாழப் பத்துத் திங்களே. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே இராணிப்பேட்டை என்னும் ஊரை நவாபு எழுப்பினான் என்ப.

பத்துத் திங்கள் ஆண்டவனை முந்நூறாண்டு மக்கள் பாடுவதும், ஏழாண்டுக்கு மேல் நீடித்த முற்றுகையைப் பற்றி ஒரு பாட்டும் இல்லாமையும் எண்ணிப் பார்க்கற்பாலது. தேசிங்கு ராசன் கதை கற்றோர் எழுதிய காப்பியமன்று. ஊர்தோறும் பாடுவோர் பாடக் கேட்டு, பின்னர்ப் பெரிய எழுத்துப் பதிப்புக்களாகச் சந்தைகளில் விலைபோனது. அதில் தேசிங்கின் தந்தை பெயர் தேரணி மகாராசன். தில்லிப் பாதுசாவிடம் அடங்காத பாராசாரி என்னும் குதிரை. அதனை அடக்க முடியாமற் சிறைப்பட்ட தந்தையை மீட்கச் சிறுவனாகிய தேசிங்கு சென்று குதிரையை அடக்குகின்றான். அதனையே பரிசாகப் பெறுகின்றான். போர்முரசு கேட்டபோது அவன் தோழனாகிய முகமதியன் தன் திருமணப் பந்தலைவிட்டு எழுந்து வருகின்றான். போருக்கு முன் சிங்கவரத்து அரங்கநாதரிடம் விடைகேட்கத் தேசிங்கு செல்ல, இறைவன் உடன்படாது முகத்தைத் திருப்பிக் கொள்கின்றார். வென்று நின்ற களத்தில் தோழனை இழந்த துயரால், வாளை வானில் எறிந்து மார்பில் ஏற்று மாள்கின்றான்.

வரலாற்றோடு ஒப்பிட்டால் இதில் பிழைகள் மலிந்துள்ளன. தேசிங்கு வென்றவனுமல்லன், தானே மாண்டவனுமல்லன். ஆயினும் பிழைகளை எண்ணிக் கதையை ஒதுக்கிவிடும் வரலாற்றாசிரியர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இராசபுத்திரன் ஒருவன், இந்தி பேசும் குடியிற் பிறந்தவன், முகலாயர் பணியாளனாக வந்த ஒருவனின் மகன். அவனைத் தமிழ் நாட்டுப் பாடகர் தம்மவனாக்கிக் கொண்டனர். அவனுக்குத் தமிழ்நாட்டுத் திருமாலை வழிபடுதெய்வமாக்கினர். ஒரு முகமதியனை உயிர்த்தோழனாக்கினர். பகைவனும் முகமதியனாகிய நவாபே. சமயம் ஈண்டுப் போருக்குக் காரணமாகப் பேசப்படவே இல்லை. திறையும் மானமுமே பேசப்படுகின்றன. முற்றுகைக் காலத்துப் படைகள் நாட்டைக் கொள்ளையிட்டன. உழவர் இருபுறத்தாருக்கும் வரி செலுத்தினர். அவரைப் பற்றி மக்கள் எதற்காகப் பாடுவர்? திறை கேட்டவனுக்கு ‘இல்லை’ என்று சொன்ன இளைஞனைப் பாடினர். இது எம் கருத்து; மறுப்பார் மறுக்கலாம். இக்கதையின் ஏட்டு வடிவங்களையும் அச்சு வடிவங்களையும் பாடுவோர் வாய்மொழியையும் ஒப்பிட்டுச் செம்பதிப்பு ஒன்று வருதல் வேண்டும். 1960 இல் வெளிவந்த திரைப்படத்தைக் கொண்டே கதையை அறிந்த தலைமுறை மிகுந்துவிட்ட இக்காலத்தில் அப்பணி மேலும் தள்ளிவைக்கத் தக்கதன்று.

பிந்திய வரலாறு சுருக்கமானது. 1750 செப்டம்பரில் புசி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் இக்கோட்டையைக் கைப்பற்றினான். சுல்பிகர்கானின் ஏழாண்டை எண்ணிய நாட்டினர் அவ்வோரிரவைக் கேட்டுத் திகைத்தனர். ஆனால் இவ்விடத்து நச்சுக்காய்ச்சல் பகைவரினும் கொடிதாயிருந்தது. பிரெஞ்சுக்காரர் தாம் வைத்திருந்த ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐரோப்பியப் படைஞரை நோய்க்கு இழந்தனர் என ஓர்மி என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தபின், ஏப்பிரல் 5 ஆம் நாள் ஆங்கிலத் தளபதி சுமித்திடம் செஞ்சி சரணடைந்தது. 1780 இல் ஐதர் அலியின் படை சிலகாலம் இதனை வைத்திருந்தது. அதன்பின் போர் இல்லை; ஊரும் இல்லை. 1921 இல் இது தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் வந்தது.

செஞ்சியைக் காணச் செல்வோர் காலையிலேயே இராசகிரி ஏறிவிடுதல் நன்று. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும்; குரங்குகளின் குறும்பும் மிகும், கையில் உணவுப்பொதி வேண்டா. அடிவாரத்துக் கோட்டையுள் முதலிற் கண்ணைக் கவர்வது கலியாண மகால். சதுரமான முற்றத்தின் நடுவே எண்ணிலை மாடமாக மேல்நோக்கிச் சிறுத்து உயர்ந்து, உச்சியிற் கூம்பிய கூரையோடு முடிகின்றது. புறத்தேயுள்ள சக்கரக்குளத்திலிருந்து சுடுமண் குழாய்கள் வழியே இதன் மேல்நிலைக்கு நீரேற்றினர். அருகே குதிரைலாயங்கள் எனப்படும் நீண்ட அறைவரிசை, ஆனைக்குளம், கவிந்த கூரையுடைய பெருங்களஞ்சியம். களஞ்சியத்துட் புகுந்து உரக்கப் பேசினால் எதிரொலி நெடுநேரம் நிற்கும். எம் மாணவர் அதனைச் சோதித்தறியாமல் வெளிவர மறுத்துவிட்டனர். தேசிங்கை வென்ற நினைவாக 1717-18 இல் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் உள்ளது. அதன் பாரசீகக் கல்வெட்டைப் படித்துச் சொல்லத்தக்கார் இருந்தால் அழைத்துச் செல்க.

ஏற்றம் கடினமானது. ஏறத்தாழ ஒரு மணிநேரத்திற்குப் பின், உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறை பிளந்து பெரும்பள்ளமாக நிற்கின்றது. இருபத்துநான்கு அடி அகலம், அறுபது அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். பண்டு இது மரத்தாலாகி, வேண்டும்போது நீக்கக்கூடியதாக இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் சில ஆட்களே உச்சியைக் காத்து நிற்கலாம். உச்சியில் அரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பெரும் பீரங்கி. கோடையிலும் வற்றாத சுனையும் உண்டு. முற்றுகைகள் ஏன் நீண்டன என்பதற்கு விளக்கம் அச்சுனையில் இருக்கின்றது. கிருட்டினகிரி இதனினும் எளிது. ஆங்கிலேயர் அதனை ‘ஆங்கில மலை’ என்றனர். அதன் உச்சியில் குவிமாடமுள்ள கொலுமண்டபத்தில் அமர்ந்தால் காற்று நாற்புறமும் வீசும்; எண்ணெய்க்கும் நெய்க்கும் பாறையில் வெட்டப்பட்ட கிணறுகளை அருகே காணலாம். சந்திரகிரிக்கு வழி செவ்வையாக இல்லை.

அடிவாரத்திற்கு மீண்டபின் சக்கரக்குளத்தை அடுத்த ‘கைதிகள் கிணறு’ என்னும் இடத்தைக் காட்டுவர். உருண்டைப் பாறையொன்றின் இயற்கைத் துளைமேற் செங்கல் கட்டியுள்ளனர். தண்டனை பெற்றோரை அதனுள் தள்ளிப் பட்டினியால் மாளவிட்டனர் என்பது கூற்று. செட்டிக்குளக் கரையில் ஒரு மேடை தேசிங்கு எரியூட்டப்பட்ட இடம் என்று காட்டப்பெறுகின்றது.

கோட்டையோடு திரும்பிவிடுவோர் பாதியே கண்டவராவர். சிங்கவரத்தில் குடைவரையுள் பள்ளிகொண்ட அரங்கநாதரின் முகம் சற்றே திரும்பியிருப்பதைக் காணலாம். கதைக்கு ஏற்பச் சிலை அமைந்ததா, சிலையைக் கண்டு கதை பிறந்ததா என்பதற்கு விடை எளிது, சிலை பல்லவர் காலத்தது. அண்மையிலுள்ள திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் உருவங்கள் ஒரே பாறையில் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைக் குறிக்கும் பழங்கல்வெட்டும் அங்குண்டு. தமிழ் எழுத்து வரலாறு பயில்வோர் தவறாது காணவேண்டியது அது. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இன்றும் மேல்சித்தாமூரில் உள்ளது. விழுப்புரம் செல்லும் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய இவையின்றிக் கோயில் எடுத்தேன் என முதலாம் மகேந்திரவர்மன் பொறித்த குடைவரை இருக்கின்றது.

வேங்கடரமணர் கோயிலை இறுதியிற் குறிக்கின்றோம். புதுச்சேரி வாயிலை அடுத்துக் கீழ்க்கோட்டையில் உள்ள இதுவே செஞ்சிக் கோயில்களுட் பெரிது; முத்தியாலு நாயக்கர் எடுப்பித்தது. கோபுரவாயிலின் இருமருங்கும் இராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைந்த காட்சியும் சிற்பங்களாக உள்ளன. உட்சென்றால் மண்டபங்கள் வெறுமையாகக் காணப்படும். தூண்கள் நின்ற இடங்களிற் சில காலியாக இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் இக்கோட்டையிலிருந்து நெடுந்தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுசென்றனர். அவற்றுள் எட்டு இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கின்றன. மாலையில் அங்கு உலாவச் செல்வோர், தூண்களின் அடிப்புறத்துச் சிற்பங்களைக் குனிந்து நோக்கினால் செஞ்சி நாயக்கரின் கல்தச்சர் கைவண்ணத்தைக் காணலாம். கடற்காற்றின் உப்பால் அவற்றின் முகங்கள் தேய்ந்து வருகின்றன.